மறைத்து வைத்த வருமானமும் மக்களின் நபகாவும்

மணமுறிவு ஏற்பட்ட குடும்பங்களில் அடிக்கடி எழுகின்ற ஒரு வழக்கைப் பற்றி இங்கு சிந்திக்க விரும்புகிறோம். கணவனும் மனைவியும் பிரிந்துவிட்டனர். பிள்ளைகள் தாயிடம் இருக்கின்றனர். தகப்பனார் வியாபாரி. கடையில் நாள்தோறும் ரொக்கம் புரள்கிறது. கணக்குப் புத்தகத்தில் ஏறுவதோ அதில் ஒரு பகுதிதான். மீதி துண்டுச் சீட்டில் நிற்கிறது. அல்லது தம்பியின் பெயரிலும் மைத்துனரின் பெயரிலும் சொத்தாகிவிடுகிறது. பிள்ளைகளின் செலவுக்குக் கேட்டால், "எனக்கு ஏது வருமானம்? கணக்கைப் பாருங்கள்" என்று கையை விரிக்கிறார்.

அவருக்கு என்ன வருகிறது என்பது அந்தத் தாய்க்குத் தெரியும். அந்த வீட்டில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தவளல்லவா? ஆனால் கையில் ஆதாரமில்லை. நாலு பெரியவர்களிடம் சொன்னால், "பிள்ளைகளின் வாப்பாவை நீயே காட்டிக் கொடுக்கலாமா? பொறுத்துக் கொள், அல்லாஹ் தருவான்" என்று அனுப்பிவிடுகிறார்கள். அவளும் தவறு செய்துவிடுவோமோ என்று அஞ்சித் திரும்பி விடுகிறாள்.

அவள் கேட்பது சரியா? சரியென்றால் எதுவரை கேட்கலாம்? மறைக்கின்ற தகப்பனாரின் நிலை அல்லாஹ்விடத்தில் என்ன? தெரிந்தும் வாய்மூடி இருப்பவர்களின் நிலை என்ன? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இது யாருடைய ஹக்கு?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக் கொள்ள வேண்டும். மனைவியின் நபகா வேறு, பிள்ளையின் நபகா வேறு. மனைவியின் நபகா நிகாஹ் என்னும் உடன்பாட்டினால் வருவது. பிள்ளையின் நபகாவோ பிறப்பினால் வருவது. தலாக் நிகாஹை முறிக்கும், பிறப்பை முறிக்குமா? தகப்பன் தகப்பனாகவே இருக்கிறான். மனைவியின் மீதுள்ள கோபத்தில் பிள்ளையின் சோற்றில் கை வைப்பவர், தமக்கு ஒரு தீங்கும் செய்யாத ஒருவரைத் தண்டிக்கிறார்.

திருக்குர்ஆனின் இரண்டாவது அத்தியாயம் 233ஆவது வசனம், பாலூட்டும் தாய்மார்களின் உணவையும் உடையையும் தகப்பனின் பொறுப்பாக்குகிறது. அங்கே 'தகப்பன்' என்ற சாதாரணச் சொல் வரவில்லை. 'எவருக்காகப் பிள்ளை பிறந்ததோ அவர்' என்ற பொருள் தரும் சொல்லே வந்திருக்கிறது. பிள்ளை யாருடைய வமிசமாக அழைக்கப்படுகிறதோ, அதன் பாரமும் அவருக்கே என்று விரிவுரையாளர்கள் இதை விளக்குகின்றனர். அதே வசனம், பிள்ளையைக் காரணமாக வைத்துத் தாய்க்கும் துன்பம் இழைக்கக் கூடாது, தகப்பனுக்கும் துன்பம் இழைக்கக் கூடாது என்று இருவருக்குமே எல்லை போட்டு விடுகிறது. இந்த இரண்டாவது பகுதியைப் பின்னர் பார்ப்போம்.

ஆகவே, தாய் கேட்பது தனக்காக அல்ல. தன் பிள்ளைக்கு உரியதை, பிள்ளைக்கு வாய் வராத காரணத்தால், பிள்ளையின் சார்பாகக் கேட்கிறாள். இதனால்தான், "பிள்ளைக்கு ஒன்றும் கேட்க மாட்டேன்" என்று மணமுறிவின்போது அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு விஷயத்தை முடித்துவிட்டதாக எண்ணுவது பொருத்தமற்றது. தாய் போட்ட கையெழுத்து பிள்ளையின் பசியை ஆற்றாது.

அளவுகோல் எது?

எவ்வளவு கொடுக்க வேண்டும்? அறுபத்தைந்தாவது அத்தியாயமான அத்தலாக், ஏழாவது வசனத்தில் இதற்கு அளவுகோல் இருக்கிறது. வசதியுள்ளவர் தம் வசதிக்கேற்பச் செலவிட வேண்டும். நெருக்கடியில் இருப்பவர் அல்லாஹ் தமக்குக் கொடுத்ததிலிருந்து செலவிட வேண்டும். அல்லாஹ் கொடுத்ததற்கு மேல் எவரையும் அவன் சிரமப்படுத்துவதில்லை என்பது அதன் கருத்து.

இங்கே அளவு என்பது அல்லாஹ் கொடுத்தது. கணக்குப் புத்தகத்தில் எழுதியது அளவல்ல. வருமான வரிக்குக் காட்டியதும் அளவல்ல. அல்லாஹ் எவ்வளவு கொடுத்தான் என்பது கொடுத்தவனுக்குத் தெரியும், வாங்கியவருக்கும் தெரியும். இடையிலே இருக்கிற காகிதம் மனிதர்களுக்காக எழுதப்பட்டது.

ஷாபியீ மத்ஹபின் நூல்கள் மனைவியின் உணவுக்கு, கணவன் செல்வனாயின் நாளைக்கு இரண்டு முத்து, ஏழையாயின் ஒரு முத்து, நடுத்தரமாயின் ஒன்றரை முத்து என்று அளவு குறித்துள்ளன. பிள்ளையின் நபகாவுக்கு அப்படி முகத்தலளவை எதுவும் குறிக்கவில்லை. அதற்கு அளவு 'கிஃபாயத்', அதாவது தேவைக்குப் போதுமானது. பிள்ளையின் வயதும் நிலைமையும் எதை வேண்டுமோ அது. இன்று பள்ளிக்கூடக் கட்டணமும் புத்தகமும் மருந்தும் பிள்ளையின் தேவையில் சேராது என்று எவர் சொல்ல முடியும்?

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். இதே மனிதர் ரமளான் மாதத்தில் ஜகாத்துக்குக் கணக்குப் பார்க்கிறார். கடைச் சரக்கு இவ்வளவு, கைரொக்கம் இவ்வளவு, வரவேண்டிய பாக்கி இவ்வளவு என்று கூட்டுகிறார். வாசலில் ஏழைப் பெண்கள் வரிசையில் நின்று புடவை வாங்கிச் செல்கிறார்கள். ஜகாத்துக்குத் தெரிகின்ற தொகை பிள்ளையின் நபகாவுக்கு மட்டும் தெரியாமல் போவது எப்படி? ஒருவர் தம் சிறு பிள்ளைகளுக்கு ஜகாத்தைக் கொடுத்தால் அது ஜகாத்தாக நிறைவேறாது. ஏனெனில் அவர்களைப் பராமரிப்பது அவர்மீது ஏற்கனவே கடமை. தம் பிள்ளைகளை ஊராரின் ஜகாத்தை எதிர்பார்க்கும் நிலையில் விட்டுவிட்டு ஊருக்கு ஜகாத் கொடுப்பவர், ஒரு கடமையைச் செய்வதாக எண்ணி இன்னொரு கடமையைக் கைவிட்டவராகிறார். மனிதன் செலவிடும் பொற்காசுகளில் தன் குடும்பத்துக்குச் செலவிட்டதே நற்கூலியில் மிகப் பெரியது என்ற கருத்தில் அபூ ஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் முஸ்லிமில் உள்ளது.

ஹிந்த் அம்மையார் கேட்ட கேள்வி

நாம் பேசுகின்ற வழக்கு புதியதன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் திருச்சமூகத்திலேயே இது வந்திருக்கிறது. அபூ சுஃப்யான் (ரலி) அவர்கள் குறைஷியரின் தலைவர்களுள் ஒருவர், பெரும் வணிகர். பத்ருப் போருக்கு முன் ஷாமிலிருந்து திரும்பிய வணிகக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் அவர்களே. அவர்களுடைய மனைவி ஹிந்த் பின்த் உத்பா (ரலி) அவர்கள் மக்கா வெற்றியின் காலத்தில் இஸ்லாத்தைத் தழுவினார்கள். அவர்கள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து, தம் கணவர் கையிறுக்கமானவர் என்றும், தமக்கும் பிள்ளைக்கும் போதுமானதைத் தருவதில்லை என்றும், அவருக்குத் தெரியாமல் எடுத்தால்தான் உண்டு என்றும் முறையிட்டு, அப்படி எடுப்பது குற்றமாகுமா என்று கேட்டார்கள். உமக்கும் உம் பிள்ளைக்கும் போதுமான அளவை நல்ல முறைப்படி எடுத்துக் கொள்ளலாம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் விடையளித்தார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்த ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இடம் பெற்றிருக்கிறது.

இது தீர்ப்பா, மார்க்க விளக்கமாகிய பத்வாவா என்று இமாம்கள் விவாதித்துள்ளனர். ஷாபியீ மத்ஹபினரில் ஒரு சாரார் இதைத் தீர்ப்பாகக் கொண்டு, எதிரி நேரில் இல்லாதபோதும் நீதிபதி தீர்ப்பளிக்கலாம் என்பதற்குச் சான்றாக்கினர். ஹனஃபீ மத்ஹபினர் இதை பத்வா என்றனர். எது எப்படியாயினும், மனைவிக்கும் பிள்ளைக்கும் ஹக்கு உண்டு என்பதிலோ, தகப்பனின் கையிறுக்கம் அந்த ஹக்கை அழித்துவிடாது என்பதிலோ ஐயமில்லை.

இந்த ஹதீஸில் நமக்கு இரண்டு பாடங்கள் இருக்கின்றன. 'போதுமானது' என்பது ஒன்று; 'நல்ல முறைப்படி', அதாவது மஃரூஃப், என்பது மற்றொன்று. முதலாவது தகப்பனுக்குச் சொன்ன வார்த்தை. இரண்டாவது தாய்க்குச் சொன்ன வார்த்தை.

இது புறம் பேசுவதாகுமா?

"அவர் வருமானத்தை மறைக்கிறார் என்று வெளியில் சொல்வது கீபத் அல்லவா?" என்று பேணுதலுள்ள பெண்கள் தயங்குகிறார்கள். அந்தப் பேணுதல் பாராட்டத்தக்கதே. ஆனால் இதற்கும் விளக்கம் இருக்கிறது.

இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தமது ரியாளுஸ் ஸாலிஹீன் நூலில், ஒருவரது குறையைப் பிறரிடம் சொல்ல அனுமதியுள்ள ஆறு இடங்களைக் குறிப்பிடுகிறார்கள். அநீதி இழைக்கப்பட்டவர் நீதி வழங்கக்கூடியவரிடம் முறையிடுவது அவற்றில் ஒன்று. மார்க்கத் தீர்ப்புக் கேட்பதற்காகச் சொல்வது மற்றொன்று. அங்கே அவர்கள் எடுத்துக்காட்டும் ஆதாரங்களுள் ஹிந்த் (ரலி) அவர்களின் ஹதீஸும் இருக்கிறது. தம் கணவரைக் கையிறுக்கமானவர் என்று அவர்கள் சொன்னபோது நாயகம் (ஸல்) அவர்கள் தடுக்கவில்லையே!

ஆனால் இடமறிந்து பேச வேண்டும். நீதி வழங்கக்கூடியவரிடம் சொல்வது முறையீடு. கல்யாண வீட்டில் பத்துப் பெண்களிடம் சொல்வது முறையீடன்று. அது வெறும் புறம்தான்.

காகிதத்தில் வென்றவர்

இப்போது தகப்பனாரிடம் வருவோம். வருமானம் குறைவென்று சத்தியம் செய்து எழுதிக் கொடுத்துவிட்டார். நீதிபதியும் அதை நம்பிச் சொற்பத் தொகைக்கு உத்தரவிட்டுவிட்டார். மாதந்தோறும் அந்தத் தொகையைத் தவறாமல் கட்டுகிறார். "கோர்ட்டு சொன்னதைக் கொடுத்துவிட்டேன், என் கடமை தீர்ந்தது" என்று நிம்மதியாக இருக்கிறார். தீர்ந்ததா?

உம்மு ஸலமா (ரலி) அன்னையார் அறிவிக்கும் ஹதீஸைக் கேளுங்கள். இதுவும் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. நாயகம் (ஸல்) அவர்கள் தாமும் ஒரு மனிதரே என்றும், வழக்குடன் வருபவர்களுள் ஒருவர் மற்றவரைவிடத் திறமையாக வாதிடக் கூடும் என்றும், கேட்டதை வைத்துத் தாம் தீர்ப்பளிப்பதாகவும், அவ்விதம் ஒருவருக்கு அவருடைய சகோதரரின் ஹக்கைத் தாம் அளித்துவிட்டால் அவர் பெற்றது நெருப்பின் ஒரு துண்டே என்றும் எச்சரித்தார்கள்.

நாயகம் (ஸல்) அவர்களின் தீர்ப்பே ஒரு பொய்யை ஹலாலாக்காது என்றால், நம் காலத்து நீதிமன்றத்தின் உத்தரவு எப்படி ஆக்கும்? நீதிபதி வெளிப்படையைத்தான் பார்க்க முடியும். கல்லாப் பெட்டிக்குள் அவர் எட்டிப் பார்க்க முடியாது. மறைத்து மிச்சம் பிடித்த பணம் சாமர்த்தியத்தால் வந்த இலாபமன்று; அது பிள்ளையின் தட்டிலிருந்து எடுத்தது. ஒரு மனிதர் தம் பொறுப்பிலுள்ளவர்களை உணவின்றி வீணாக விட்டுவிடுவதே அவருக்குப் போதுமான பாவம் என்ற கருத்தில் அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் அபூ தாவூதில் உள்ளது. இங்கே அந்தப் பாவத்தோடு பொய்ச் சத்தியமும் சேர்ந்துகொள்கிறது.

"அது எனக்கும் சர்க்காருக்கும் உள்ள விவகாரம்" என்று சிலர் சொல்லக் கூடும். வரியை மறைப்பதும் சரியன்று. ஆனால் சர்க்காரிடம் மறைத்ததைப் பிள்ளைக்கும் இல்லையென்று சொல்லும்போது அது இருவருக்கிடையே உள்ள விவகாரமாக இருப்பதில்லை. அங்கே மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார். அவர் அரை வயிற்றோடு பள்ளிக்கூடம் போகிறார்.

நீதிமன்றம் செல்லலாமா?

ஜமாஅத்திலேயே நியாயம் கிடைத்தால் அதைவிட நல்லது எதுவுமில்லை. ஆனால் நம் நாட்டில் 1880ஆம் ஆண்டின் காஜிகள் சட்டப்படி நியமிக்கப்படும் காஜிக்கு வழக்கை விசாரித்துத் தீர்ப்பை நிறைவேற்றும் அதிகாரம் அந்தச் சட்டத்தால் கிடைப்பதில்லை. ஜமாஅத்தாரின் முடிவும் கேட்பவரின் மனத்தைப் பொறுத்ததுதான். மனமில்லாதவரிடம் பிள்ளையின் ஹக்கை வாங்கித் தரும் அதிகாரம் இன்று நீதிமன்றத்துக்கே இருக்கிறது.

இதில் தாமதம் கூடாது என்பதற்கு ஃபிக்ஹிலேயே காரணம் இருக்கிறது. மனைவியின் நபகா கொடுக்கப்படாமல் நாட்கள் கழிந்தால் ஷாபியீ மத்ஹபில் அது கணவன்மீது கடனாக நிற்கும். பிள்ளையின் நபகா அப்படியல்ல. நாட்கள் கழிந்துவிட்டால் அது கடனாக நிற்காது. நீதிபதி விதித்திருந்தாலோ, தகப்பன் இல்லாததால் அல்லது மறுத்ததால் அவர் பெயரில் கடன் வாங்க நீதிபதி அனுமதித்திருந்தாலோதான் நிற்கும். இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜ் இதைத் தெளிவாகச் சொல்கிறது. கழிந்த நாளின் பசியைப் பிறகு யார் தீர்க்க முடியும்? ஆகவே, "பொறுத்துக் கொள்" என்று ஆண்டுக்கணக்கில் தள்ளிப் போடச் சொல்கின்ற பெரியவர்கள், தாங்கள் அறியாமலேயே பிள்ளையின் உரிமையைக் கரைத்து விடுகிறார்கள்.

நாட்டுச் சட்டத்தின் நிலையைச் சுருக்கமாகச் சொல்வோம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆவது பிரிவில் இருந்த பிள்ளைகளின் பராமரிப்பு உரிமை, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆவது பிரிவில் இருக்கிறது. 1986ஆம் ஆண்டின் முஸ்லிம் பெண்கள் சட்டத்தினால் முஸ்லிம் பிள்ளைகளின் இந்த உரிமை குறைந்துவிடவில்லை என்று 1997இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெண்மக்களுக்குத் திருமணம் ஆகும்வரை அந்த உரிமை உண்டு என்றும் கூறியது. வருமானத்தை மறைப்பது வழக்கமாகிவிட்டதைக் கண்ட உச்ச நீதிமன்றம், 2020 நவம்பர் 4 அன்று அளித்த தீர்ப்பில், பராமரிப்பு வழக்குகளில் இரு தரப்பாரும் தத்தம் வருமானம், சொத்து, கடன் ஆகியவற்றை விவரமாக எழுதிச் சத்தியப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டுமென்று விதித்தது. விண்ணப்பித்த நாளிலிருந்தே தொகை வழங்க வேண்டும் என்றும், பொய் எழுதியவர்மீது நடவடிக்கை எடுக்கலாம் என்றும் அதில் உண்டு. வாழும் வீடு, ஓட்டும் வாகனம், போகும் பயணம், வங்கியில் நடக்கும் வரவு செலவு இவையெல்லாம் உண்மை வருமானத்தைப் பேசும் சாட்சிகள். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லையென்று அஞ்ச வேண்டாம். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களும் குழந்தைகளும் இலவசச் சட்ட உதவி பெற உரிமையுடையவர்கள்.

தாய்க்கும் எல்லை உண்டு

மஃரூஃப் என்ற சொல்லைத் தாய்மார்கள் மறந்துவிடக் கூடாது. ஹிந்த் (ரலி) அவர்களுக்குக் கிடைத்த அனுமதி போதுமான அளவுக்குத்தான், பழி தீர்ப்பதற்கன்று. பிள்ளைக்கு ஐயாயிரம் போதுமென்று உள்ளம் அறிந்திருக்க, ஐம்பதாயிரம் கேட்டுப் பொய்க் கணக்கு எழுதுபவளும் நெருப்பின் துண்டைத்தான் கேட்கிறாள். சத்தியப் பத்திரம் இருவருக்கும் பொது. தனக்கு வரும் தையல் கூலியையோ, பள்ளிக்கூடச் சம்பளத்தையோ, நகையையோ மறைத்து எழுதினால், அவள் எதை எதிர்த்து வந்தாளோ அதையே செய்தவளாகிறாள்.

"கேட்டதைத் தராவிட்டால் வருமான வரிக்காரரிடம் சொல்லிவிடுவேன்" என்று மிரட்டி உரியதற்கு மேல் வாங்குவதும் மஃரூஃப் அன்று. அதே சமயம், பிள்ளையின் ஹக்கைக் கேட்கும்போது உள்ள வருமானத்தை உள்ளபடி சொல்லி, அதனால் அவருக்கு ஏதேனும் சங்கடம் நேர்ந்தால், அந்தப் பழி அவள்மீது வராது. மறைத்தவர் அவர், அவள் உண்மையை உரிய இடத்தில் சொன்னவள்.

தகப்பன் உண்மையிலேயே நொடித்துப் போயிருந்தால் நிலைமை வேறு. கடையை இழந்தவரிடம், நோயில் கிடப்பவரிடம் முன்பிருந்த வசதியைக் கணக்கிட்டுக் கேட்பது, அல்லாஹ் சிரமப்படுத்தாதவரை நாம் சிரமப்படுத்துவதாகும். பிள்ளையைக் காரணமாக வைத்துத் தகப்பனுக்குத் துன்பம் இழைக்கக் கூடாது என்று முன்னர் சொன்னோமே, அது இந்த இடத்துக்குத்தான்.

தெரிந்தவர்களின் பொறுப்பு

இத்தகைய வழக்குகளில் உண்மை ஒருவருக்கு மட்டும் தெரிந்த இரகசியமாக இருப்பதில்லை. கடைக் கணக்குப்பிள்ளைக்குத் தெரியும். பெயரைக் கொடுத்த தம்பிக்குத் தெரியும். கூட்டு வியாபாரிக்குத் தெரியும். தெருவில் பாதிப் பேருக்குத் தெரியும். கேட்டால் மட்டும், "நமக்கெதற்கு வம்பு?" சாட்சியத்தை மறைப்பவரின் உள்ளம் பாவத்துக்குள்ளானது என்று இரண்டாவது அத்தியாயம் 283ஆவது வசனம் உணர்த்துகிறது. தம் பெயரைச் சொத்துக்குக் கொடுத்து உதவிய தம்பி, அண்ணனுக்கு உதவியதாக எண்ணுகிறார். அண்ணன் பிள்ளைகளுக்குத் தாம் செய்ததை எண்ணுவதில்லை.

ஜமாஅத்தார் செய்யக் கூடியதும் உண்டு. தலாக், குலா விவகாரம் முன்னால் வரும்போது மஹர், நகை, சீர்ப்பொருள் என்று மணிக்கணக்கில் பேசுகிறார்கள். பிள்ளையின் நபகாவுக்கு ஒரு வரி. அதுவும், "தகப்பனார் தம்மால் இயன்றதைக் கொடுப்பார்" என்று முடிகிறது. இதை மாற்ற வேண்டும். மாதம் எவ்வளவு, எந்தத் தேதியில், பிள்ளை வளர வளர எப்படி உயரும், படிப்புக்கும் மருத்துவத்துக்கும் யார் பொறுப்பு என்பதையெல்லாம் எழுதி இரு தரப்பாரும் கையெழுத்திட வேண்டும். வியாபாரத்தின் உண்மை நிலையை அறிந்த இரண்டு பேரை உடன் வைத்துக்கொண்டு தொகையை முடிவு செய்ய வேண்டும். ஊரில் யாருடைய கடை எப்படி நடக்கிறது என்பது சந்தா வசூலிக்கும்போது ஜமாஅத்துக்கு நன்றாகத் தெரிகிறது. நபகாவுக்கும் அந்த அறிவு பயன்படட்டும்.

தகப்பன்மார்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளைகள் என்றென்றும் பிள்ளைகளாகவே இருக்கப் போவதில்லை. வாப்பாவின் கடை எவ்வளவு பெரியது என்பதை ஒரு நாள் அவர்களே பார்ப்பார்கள். தங்களுக்கு வந்த தொகை எவ்வளவு என்பதும் அவர்களுக்குத் தெரியும். அந்த இரண்டையும் அவர்கள் ஒப்பிட்டுப் பார்க்கும் நாளில் எந்தக் கணக்குப் புத்தகமும் துணைக்கு வராது. அதற்குப் பின்னர் இன்னொரு நாளும் இருக்கிறது. அன்று துண்டுச் சீட்டுகளும் திறக்கப்படும்.

கொடுத்தவனுக்குத் தெரியாமல் எதையும் மறைத்துவிட முடியாது என்ற அச்சத்தைத் தகப்பன்மார்களுக்கும், உரியதை மட்டும் கேட்கின்ற நேர்மையைத் தாய்மார்களுக்கும், உண்மையைச் சொல்கின்ற துணிவை நம் அனைவருக்கும் வல்ல நாயன் அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.